நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்? அவை வாக்கும் கட்சிக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். புத்தகம் பேசத்தான் கூடுகிறோம். ஆனால் டீ வரும் நேரத்தில் பேச்சு எப்படியும் அரசியலுக்குப் போய்விடும். ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டார்: "நான் அவருக்கு ஓட்டுப் போட்டேன். அவர் டெல்லிக்குப் போய் எதுக்கு ஓட்டுப் போட்டார்னு எனக்கு யார் சொல்லுவா?" அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் வந்த கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் அல்ல. தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் எம்.பி. ஒரு மசோதாவை ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

சில மசோதாக்களுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை.

மசோதா முடிவுக்கு வரும்போது அவைத் தலைவர் ஆதரிப்போரை 'ஆம்' என்றும் எதிர்ப்போரை 'இல்லை' என்றும் சொல்லச் சொல்வார். எந்தப் பக்கச் சத்தம் அதிகம் என்று அவர் காதுக்குப் படுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. இதுதான் குரல் வாக்கெடுப்பு. அவைக் குறிப்பில் 'நிறைவேறியது' என்று ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். மக்களவையின் 543 பேரில் யார் என்ன சொன்னார்கள், யார் வாயே திறக்கவில்லை, யார் அன்று கல்யாண வீட்டில் இருந்தார்கள் என்பதற்குத் தடயம் கிடையாது.

ஓர் உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் 'டிவிஷன்' கேட்டால்தான் தலை எண்ணும் பேச்சு வரும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் யாரும் கேட்காமலேயே எண்ணியாக வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் அதற்குத் தேவை. 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டு பேர் அசதுத்தீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும். முஸ்லிம் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு இல்லை என்று காரணமும் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் பெயரும் காரணமும் பதிவில் இருக்கின்றன. நான் கேட்பது இவ்வளவுதான்.

டிவிஷன் எப்படி நடக்கும்?

மணி அடிக்கும். மூன்றரை நிமிடம் அடித்து ஓய்ந்ததும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். வெளியே நின்றவர் வெளியேதான். உள்ளே இருப்பவர்கள் தங்கள் மேசையில் பொத்தானை அழுத்துவார்கள்: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. மெஷின் கோளாறு, தப்பான பொத்தான் என்றால் சீட்டில் எழுதித் திருத்தலாம். அதனால்தான் முடிவை அறிவிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பெயர்ப் பட்டியல் அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். நாடாளுமன்ற இணையதளத்தில் அந்தத் தேதியின் விவாதத் தொகுப்பை எடுத்து, மசோதா முடியும் பக்கத்துக்குப் போனால் பட்டியல் இருக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டிவிஷன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

விதிப் புத்தகம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மக்களவை விதியில் ஒரு சந்து உண்டு. 'அநாவசியமாகக் கேட்கிறார்கள்' என்று சபாநாயகர் கருதினால் இரு தரப்பையும் இருந்த இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாகாது.

நடைமுறை எப்படி என்று பார்க்க 2020 செப்டம்பர் 20-ஐ எடுத்துக்கொள்ளலாம். மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவர் தரப்பு விளக்கம். அவையில் பெரிய ரகளை. மறுநாள் 8 எம்.பி.க்கள் இடைநீக்கம் ஆனார்கள். விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. அதுவும் இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல், சில நிமிடங்களில், குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. இத்தனை பெரிய போராட்டத்தைக் கிளப்பிய சட்டம் மாநிலங்களவையைத் தாண்டியதற்கும் பெயர்ப் பட்டியல் இல்லை, அது ஒழிந்ததற்கும் இல்லை.

நம் சட்டமன்றத்தில்?

இங்கேயும் பெரும்பாலும் குரல்தான். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா அது. காங்கிரஸ், இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று, அதாவது மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

திரும்பப் பெற்றதைப் பாராட்டினார்கள், சரி. எதிர்த்தவர்கள் யார் என்பதும் வெளிநடப்பால் தெரிந்துவிட்டது. ஏப்ரல் 21 அன்று 'ஆம்' என்று குரல் கொடுத்த உறுப்பினர்கள் யார் யார்? தொழிலாளர்கள் நிறைந்த ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ.விடம் "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், அவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மறுத்துக் காட்ட நம் கையில் தாள் இல்லை.

பதிவு இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?

பேச்சையும் வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சியின் தேர்தல் அறிக்கை, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இது எப்படி மாறியது என்று ஒரு சாதாரண வாக்காளர் கேட்க முடிந்ததற்குக் காரணம் எண்ணிக்கை நடந்ததுதான். அன்றைக்குக் குரலில் முடித்திருந்தால் கேள்விக்கே இடமில்லை.

ஒற்றை வாக்கின் எடையையும் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 1999 ஏப்ரல் 17. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியது. 269-க்கு 270 என்று தோற்றது. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சிக் கட்டளையை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்தார். கட்சி அவரை வெளியேற்றியது. ஒரே ஒரு பெயர், ஆனால் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எல்லோருக்கும் தெரியும்.

எம்.பி. தன் மனசாட்சிப்படி வாக்களிக்கக் கூடாதா?

வாக்களிக்கலாம், பதவி போகும்.

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்றொரு எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலி அவரால் வந்தது. அந்தக் கூத்தை நிறுத்த 1985-ல் ராஜீவ் காந்தி அரசு 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை அது. உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர் கொறடா. அவர் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் 'பிளவு' என்று விட்டுவைத்தார்கள். 2003-ல் அந்த வாசலையும் அடைத்தார்கள்.

காசுக்குத் தாவுவதைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் கொள்கைக்காக மாறி நிற்பவரையும் அதே கயிற்றால் கட்டியது. ஆட்சி கவிழும் வாக்கெடுப்பா, ஏதோ ஒரு மீன்வள மசோதாவா என்ற வித்தியாசம் சட்டத்தில் இல்லை. 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனையை வைத்துக்கொள்ளச் சொன்னது. 1992-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொறடா உத்தரவு ஆட்சியின் ஆயுள், கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்ற விஷயங்களோடு நிற்க வேண்டும் என்றும் கூடவே சொன்னது. முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. சட்ட வாசகம் மாறவில்லை.

கட்டளையை மீறினால் பதவி போகும் என்கிறீர்கள். 2017-ல் ஓ.பி.எஸ். அணி எம்.எல்.ஏ.க்களுக்கு ஏன் போகவில்லை?

வட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு, கூவத்தூர் விடுதி நாட்கள் முடிந்து, 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரினார். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க. கேட்டது, சபாநாயகர் தனபால் மறுத்தார். ரகளைக்குப் பிறகு தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பகுதி பகுதியாக எழுப்பி எண்ணினார்கள். 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. எதிர்த்த 11 பேரும் பன்னீர்செல்வம் உட்பட அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள். எண்ணிக்கையில் பதிவான, மறுக்க முடியாத எதிர்ப்பு வாக்கு.

ஆகஸ்ட் 21 அன்று இரண்டு அணியும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். மறுநாள் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவையில் யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை, வெறும் கடிதம்தான். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். கட்சியிலிருந்து 'தானாக விலகியதாக' அந்தக் கடிதத்துக்குப் பொருள் கொண்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் சரி என்றார். இடைத்தேர்தல் 2019-ல்தான். 18 தொகுதி மக்களுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லை.

எதிர்த்து வாக்களித்த 11 பேர்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அவர்களில் யாரும் தகுதி நீக்கம் ஆகவில்லை.

சட்டம் ஒன்றே. தீர்மானிப்பவர் சபாநாயகர். சபாநாயகர் ஆளும் கட்சிக்காரர். மணிப்பூர் வழக்கொன்றில் 2020-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் அதற்காக ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. கட்சிக் கட்டளை என்ற பெயரில் தண்டனை யாருக்கு விழுகிறது என்பதை மீறல் தீர்மானிப்பதில்லை, தலைமைக்கும் மீறியவருக்கும் உள்ள அன்றைய உறவுதான் தீர்மானிக்கிறது. என் முடிவு இது. 2017-ஐ வைத்து வேறு முடிவுக்கு வர எனக்குத் தெரியவில்லை.

மற்ற நாடுகளிலும் கொறடா உண்டுதானே?

உண்டு. கொறடாவே பிரிட்டனிலிருந்து வந்த வழக்கம்தான். ஆனால் அங்கே மீறினால் போவது கட்சி இடம், நாற்காலி அல்ல. 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் விவகாரத்தில் எதிர்த்து வாக்களித்த 21 எம்.பி.க்களை போரிஸ் ஜான்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். 2024 ஜூலையில் தொழிற்கட்சி தன் 7 எம்.பி.க்களை நிறுத்திவைத்தது. எல்லோரும் எம்.பி.யாகவே தொடர்ந்தார்கள். அவர்களைப் பதவியில் வைப்பதா அனுப்புவதா என்பதைத் தொகுதி பார்த்துக்கொள்ளும்.

பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தால்?

நீண்ட காலம் வினோதமான நிலை இருந்தது. 1993-ல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்றிய வாக்கெடுப்பில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் லஞ்சம் வாங்கியதாக வழக்கு. வாங்கி, சொன்னபடி வாக்களித்தவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, சீதா சோரன் வழக்கில், அதை மாற்றி எழுதியது. இனி அவைக்குள் போட்ட வாக்கு என்று சொல்லி லஞ்ச வழக்கிலிருந்து தப்ப முடியாது.

சரி, எம்.பி. கட்சி சொன்னபடிதான் வாக்களிக்கிறார். அப்புறம் அவரைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

இதே பதிலை ஒரு மக்கள் பிரதிநிதி என்னிடமே நேரில் சொல்லியிருக்கிறார்: "தலைமை சொன்னதைச் செஞ்சோம் சார்." நேர்மையான பதில். ஆனால் கேள்வி அத்தோடு முடிவதில்லை, தலைமையை நோக்கித் திரும்புகிறது. தலைமை யாருக்குப் பதில் சொல்கிறது? அங்கேதான் கட்சியைச் சீர்திருத்தும் பேச்சு வருகிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் இப்படியே இருக்கும்வரை, உறுப்பினரின் வாக்குக்குக் கணக்குக் கேட்பதும் கட்சிக்குள் கணக்குக் கேட்பதும் ஒரே வேலை.

வேட்பாளர் எப்படி வருகிறார் என்று பாருங்கள். கட்டணம் கட்டி விருப்ப மனு, அப்புறம் நேர்காணல், பட்டியல் தலைமையிடமிருந்து. சின்னத்துக்கான ஏ, பி படிவங்களில் தலைமை அதிகாரம் கொடுத்தவரின் கையெழுத்து. தொகுதியின் கிளைச் செயலாளருக்கும் சாதாரண உறுப்பினருக்கும் அதில் ஒரு வாக்கு கூடக் கிடையாது. வேட்பாளர் நன்றி சொல்ல வேண்டிய இடம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் கட்சிகளுக்குள் தேர்தலே நடப்பதில்லையா?

நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதுதான் கதை.

தமிழ்நாட்டில் ஒரு பெரிய கட்சி கணக்குக் கேட்டதில்தான் பிறந்தது. 1972 அக்டோபரில் தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. பிறந்தது. அந்தக் கட்சியின் விதியில், பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இந்திய அளவில் பார்த்தாலும் துணிச்சலான விதி.

அப்புறம்? 2017 செப்டம்பரில் பொதுக்குழு, மறைந்த ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்றது. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகள் முளைத்தன. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் அவற்றை எடுத்துவிட்டுப் பொதுச்செயலாளர் பதவியை மீட்டார்கள். அடிப்படை உறுப்பினர் வாக்கு தாளில் இருக்கிறது. ஆனால் போட்டியிட விரும்புபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். மாவட்டச் செயலாளர்களை நியமிப்பதும் நீக்குவதும் யார் கையில் என்று உங்களுக்கே தெரியும். 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். வாசலில் எல்லோரும் வரலாம் என்று பலகை இருக்கிறது. சாவி மட்டும் உள்ளே இருப்பவரிடம்.

தி.மு.க.வில் கிளையில் ஆரம்பித்துப் பொதுக்குழு வரை அமைப்புத் தேர்தல் உண்டு. ஒரு காலத்தில் கீழ்மட்டத்தில் சட்டை கிழியும் அளவுக்குப் போட்டி நடக்கும் என்று பழைய கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உச்சியில், 2022 அக்டோபர் 9 அன்று ஸ்டாலின் போட்டியின்றித் தலைவரானார். அதே மாதம் 17-ம் தேதி காங்கிரஸில் நிஜமான வாக்குப்பதிவு நடந்தது. கார்கே 7,897, சசி தரூர் 1,072. அதற்கு முன் அந்தக் கட்சியில் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது 2000-ல். தோற்றவர் கட்சியிலேயே இருந்து, 2024-ல் அதே கட்சி சார்பில் மக்களவைக்கு நின்று ஜெயித்தார். போட்டி வந்தால் கட்சி உடைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

தேர்தல் ஆணையம் கட்சிகளைக் கட்டாயப்படுத்த முடியாதா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின் கீழ் கட்சியைப் பதிவு செய்கிறார்கள். அரசியல் சட்டத்துக்கும் ஜனநாயகத்துக்கும் கட்டுப்படுவோம் என்று கட்சி எழுதிக் கொடுக்கிறது. ஆனால் உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற சில நிலைகளைத் தவிர ரத்து செய்ய முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொல்லி 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் எழுதியது. சட்டம் இயற்ற வேண்டியவர்கள் அதே கட்சிகள்தாம்.

கட்சிகளுக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்துமா?

2013 ஜூன் 3 அன்று மத்திய தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகள் பொது அமைப்புகளே என்று உத்தரவிட்டது. காங்கிரஸும் பா.ஜ.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த உத்தரவைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் ஒத்துப்போனார்கள். பெயர் வெளியே வராமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களின் விவரம் கூட, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்து, பட்டியலை வெளியிடச் சொன்ன பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

நான் ஒரு கட்சியில் உறுப்பினர். கோஷ்டி சேர்க்காமல் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தை வாங்குங்கள். கிளைச் செயலாளரிடம் கேட்டால் முழிப்பார், பரவாயில்லை. தலைமைக் கழகத்தில் கிடைக்கும். பொதுக்குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், நீக்கப்படுபவருக்கு விளக்கம் கேட்டாக வேண்டுமா, கணக்கைத் தணிக்கை செய்பவர் யார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான சண்டைகள் புதிய விதி கேட்டு வருபவை அல்ல, இருக்கும் விதியைப் பின்பற்றாததால் வருபவை.

அப்புறம், உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும்போது கவனியுங்கள். பல இடங்களில் ஒரே ஆள் நூறு பேருக்குப் பணம் கட்டி அட்டை வாங்கி வைத்திருப்பார். அந்த நூறு வாக்கும் அவருடையது. உங்கள் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக ஒன்றைக் கொண்டுவாருங்கள்: நம் கட்சியின் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் முக்கிய மசோதாக்களில் எப்படி வாக்களித்தார்கள், கொறடா உத்தரவு என்ன என்பதைக் கட்சிப் பத்திரிகையில் போட வேண்டும். தலைமையைத் தாக்காத தீர்மானம், எதிர்க்கக் காரணம் தேடுவது கஷ்டம். வேட்பாளர் விஷயத்தில் பொதுக்குழு வாக்கெடுப்பு நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு ஈரோடு கிழக்கைச் சொல்லுங்கள். 2023 பிப்ரவரியில் இரட்டை இலைக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்ற சண்டையில், பொதுக்குழு உறுப்பினர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்வு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில நாளில் நடத்தி முடித்தார்கள். சண்டை வந்தால் முடிகிறது என்றால் சாதாரண நாளிலும் முடியும்.

பிடிக்காத உறுப்பினரைத் திரும்ப அழைக்க முடியுமா?

எம்.பி., எம்.எல்.ஏ.வை முடியாது. அதற்குச் சட்டம் இல்லை.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பைத் தொடுகிற மசோதா என்றால் நல்லது. எல்லாவற்றையும் கண்காணிக்கப் போனால் இரண்டாவது வாரம் விட்டுவிடுவீர்கள். வருகைப் பதிவு, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து எம்.பி.க்களுக்கு மார்க் போடும் பட்டியல்கள் வருகின்றன. அவை உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். நூறு கேள்வி கேட்டவர் முக்கியமான அந்த ஒரு நாளில் எங்கே இருந்தார் என்பதை மார்க் சொல்லாது.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். மசோதாவின் பெயரும் தேதியும். அன்று அவையில் இருந்தீர்களா? எப்படி வாக்களித்தீர்கள்? குரல் வாக்கெடுப்பு என்றால், டிவிஷன் கேட்டீர்களா? கட்சி கொறடா உத்தரவு போட்டதா? இவ்வளவுதான். திட்டாதீர்கள், புகழவும் வேண்டாம். ஒரு நகல் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கும் போகட்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களவை உறுப்பினர்களை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் கடிதமே போடுவதில்லை.

பதில் வராவிட்டால்?

முதல் கடிதத்துக்கு எனக்கும் வரவில்லை. இரண்டாவது கடிதம் போட்டுப் பத்து நாளில் கட்சியின் உள்ளூர் நிர்வாகி ஒருவர் போன் செய்தார். "ஐயா, லெட்டர் வந்துச்சு. ரோடு ஏதும் போடணுமா? தெருவிளக்கா?" என்றார். இல்லை தம்பி, இந்தத் தேதியில் அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று கேட்டிருந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. கேட்டுச் சொல்றேன்" என்றார்.

இதை வட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கிளம்பும்போது ஆறு பேர் அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.